நுரையீரலில் பரிமாறுவது யார்?

கேள்வி: "நுரையீரலில் பிராணவாயுவும் கரியமில வாயுவும் பரிமாற்றம் ஆகின்றன என்று மகளின் அறிவியல் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இருப்பதோ ஒரே குழாய். உள்ளே போவதும் வெளியே வருவதும் முட்டிக்கொள்ளாதா? விளக்குங்கள் ஐயா."
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முட்டிக்கொள்ளாது அம்மா. ஒற்றைவழிப் பாலத்தில் இந்தப் பக்க வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பக்க வண்டியை விடுவார்களே, அதுதான் மூச்சு. இழுக்கும்போது எல்லாம் உள்ளே, விடும்போது எல்லாம் வெளியே. உங்கள் சந்தேகம் தீர்ந்தது. எனக்குத்தான் தீரவில்லை. அந்தப் 'பரிமாற்றம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

பரிமாறுவது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பந்திதான். வாழை இலை, சாம்பார் வாளி, 'ரசம் ரசம்' என்று கூவிக்கொண்டே நம் கையில் ஊற்றிவிட்டுப் போகிற பையன். கல்யாணத்தில் பஃபே வைப்பவர்களை இந்தப் பக்கத்தில் மூன்று முறை திட்டியிருக்கிறேன். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதற்கு மொய் வேறு எழுத வேண்டுமா என்று கேட்டதற்கு, கோவை வாசகர் ஒருவர் இன்றுவரை கோபமாகக் கடிதம் போடுகிறார். ஆகவே புத்தகத்தில் 'வாயுப் பரிமாற்றம்' என்று படித்தால் என் கேள்வி ஒன்றுதான்: யார் பரிமாறுகிறார்கள்?

சிரிக்காதீர்கள். இதே கேள்விக்காக ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்று ஒரு பேராசிரியர். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா. நுரையீரலே பிராணவாயுவை எடுத்து இரத்தத்துக்குள் தள்ளுகிறது, உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரக்கிற மாதிரி, என்பது அவர் கட்சி. அதாவது பரிமாற ஆள் உண்டு. மட்டமான யோசனை என்று தள்ளிவிட முடியாது. சில மீன்களின் காற்றுப்பைக்குள் பிராணவாயு உண்மையிலேயே அப்படித்தான் தள்ளப்படுகிறது. மீன் செய்வதை மனிதன் செய்ய மாட்டானா?

மாட்டான் என்றார்கள் அவருடைய மாணவர் ஆகஸ்ட் குரோவும், குரோவின் மனைவி மேரியும். 1910இல் ஏழு கட்டுரைகள். 'ஏழு குட்டிப் பிசாசுகள்' என்று குரோவே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். குருவுக்கு மரியாதை சொல்லிவிட்டு, குருவின் கொள்கையை அடியோடு சாய்த்த வேலை. நுரையீரலில் பரிமாறுபவர் எவரும் இல்லை. அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு வாயு தானாகவே போகிறது. பாடப்புத்தகம் இதைத்தான் விரவல் என்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் பஃபே. கோவை வாசகர் மகிழ்ச்சி அடையலாம்.

ஆனால் என்ன மாதிரி மண்டபம் என்று பாருங்கள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள். பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், ஓர் இரண்டு படுக்கையறை ஃபிளாட் அளவு. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, இல்லை. சிவப்பணுக்கள் தந்துகி என்ற மெல்லிய இரத்தக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது முக்கால் விநாடி. சும்மா உட்கார்ந்திருக்கிற நமக்கு அதில் கால் விநாடியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் மோர் சாதத்தையே முறைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

கணக்கும் எளிது. நுண்ணறையில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 100 மில்லிமீட்டர், வந்து சேரும் இரத்தத்தில் 40. எனவே உள்ளே பாய்கிறது. கரியமில வாயு இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. வெறும் ஐந்துதான் வித்தியாசம், அதற்கே வெளியேறிவிடுகிறது. சவ்வுக்குள் நுழைந்து போவதில் அது பிராணவாயுவைவிட 20 மடங்கு சமர்த்து.

'கரியமில வாயு' என்று நீங்கள் எழுதியதற்குத் தனியாக ஒரு கும்பிடு. தனித்தமிழ் அன்பர் ஒருவர், அது தமிழே இல்லை என்று எனக்கு அஞ்சலட்டை போட்டுப் போட்டே தபால் துறையை வாழவைக்கிறார். கரி, அமிலம், வாயு. பிரித்துப் படித்தால் ஓர் உண்மை கிடைக்கும். உடம்பில் உண்டாகும் இந்த வாயு பெரும்பாலும் வாயுவாகவே பயணம் செய்வதில்லை. சிவப்பணுவுக்குள் தண்ணீரோடு சேர்ந்து கரியமிலம் ஆகி, உடனே பைகார்பனேட்டாக மாறி, பத்தில் ஏழு பங்கு அந்த வேஷத்தில்தான் நுரையீரலுக்கு வருகிறது. அங்கே வேஷத்தைக் கலைத்துவிட்டு வெளியே போகிறது. 'கார்பன் டை ஆக்சைடு' இதில் எதைச் சொல்கிறது?

தோற்றுப்போன பேராசிரியர் போருக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். கரியமில வாயு மிகுந்த இடத்தில், சிவப்பணுவில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதைப் பிடி தளர்த்தி விட்டுவிடும் என்று 1904இல் கண்டுபிடித்தவர் அவர்தான். உழைத்துக் களைத்த தசையில் ஒன்று வருவதால் இன்னொன்று இறங்குகிறது. பரிமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் அதுதான். மனிதர் மண்டபத்தை மாற்றிப் பார்த்துவிட்டார், அவ்வளவே.

பரிமாறுபவர் உண்டு என்று கடைசிவரை நின்றவர் பிரிட்டன் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஏறி ஆராய்ந்துவிட்டு வந்து, மலைமேல் நுரையீரல் பிராணவாயுவைச் சுரக்கிறது என்றார். இன்னோர் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் 1920இல் கேம்பிரிட்ஜில் பிராணவாயு குறைந்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் கிடந்து, மணிக்கட்டுத் தமனியைத் திறந்து இரத்தம் எடுக்கக் கொடுத்து, இல்லை என்று காட்டினார். ஹால்டேன் மசியவில்லை. 1936இல் இறக்கும்வரை அதே கட்சி. எனக்கு அவரைப் பிடிக்கிறது.

இன்னொன்று. உள்ளே இழுக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம், வெளியே விடுவதில் 16. அதாவது இலையில் முக்கால்வாசியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். என் பாட்டி பார்த்திருந்தால் கையை உடைத்திருப்பாள். ஆனால் குளத்தில் மூழ்கியவனின் வாயில் வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைக்கிறார்களே, அவனுக்குப் போவது இந்த மிச்சம்தான். எச்சில் மூச்சு.

மேரி குரோவைப் பற்றி நம் புத்தகங்கள் பேசுவதில்லை. அவர் ஒரு மருத்துவர். துளி கார்பன் மோனாக்சைடை உள்ளிழுக்கச் சொல்லி நுரையீரல் எவ்வளவு வாயுவைக் கடத்துகிறது என்று அளக்கும் முறையை 1915இல் தந்தவர். அதன் வாரிசான பரிசோதனை இன்றும் நடக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய். 1922இல் கணவரோடு அமெரிக்கா போனபோது, டொரன்டோவில் புதிதாக ஏதோ மருந்து என்று கேள்விப்பட்டு அங்கே போகச் சொன்னவர் அவரே. டென்மார்க்கில் இன்சுலின் தயாராக ஆரம்பித்தது அப்படித்தான்.

மூச்சைக் கேட்டால் இன்சுலினா என்பீர்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அது மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் சொன்னேன். போன முகூர்த்தத்தில், இலையைக் கையால் மறைத்தும் கேளாமல், "பெரியவருக்கு இன்னொண்ணு வைப்பா" என்று யாரோ குரல் கொடுக்க, இரண்டாவது ஜாங்கிரி வந்து விழுந்தது. பஃபேயாக இருந்திருந்தால் ஒன்றோடு தப்பித்திருப்பேன். இந்த வரியை வெட்டி எனக்கே அனுப்பி வைக்கப்போகும் கோவை அன்பருக்கு: வேண்டாம். ஜாங்கிரி நன்றாக இருந்தது.