மூன்றாவது முறையும் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) போய்விட்டது என்று எழுதிய தம்பிக்கு

தம்பி, டெல்லி கரோல் பாக்கில் தங்கிப் படிக்கும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வரச் சொல்கிறார் அப்பா என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அதே டெல்லியில், பழைய ராஜிந்தர் நகரில் தங்கிப் படித்து நானும் இரண்டு முறை தோற்றவன்.

முதலில் எந்தத் தாளில் போனது என்று பாருங்கள். கணக்கும் தர்க்கமும் கேட்கும் சிசாட் என்ற திறனறித் தாளில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் பொது அறிவுத் தாளைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான். கணக்குப் பக்கமே போகாமல் இருந்தேன். அப்புறம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாள் கணக்குகளை மட்டும் போட்டேன். மூன்றாவது முறை தாண்டிவிட்டேன். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், குத்துமதிப்பாகக் குறித்தவை எத்தனை என்றும் எண்ணுங்கள்.

வாடகைதான் சுமை என்றால் தாராளமாக ஊருக்குப் போய்ப் படியுங்கள். பொதுப் பிரிவுக்கே 6 வாய்ப்பு உண்டு. இதை அப்பாவிடம் சொன்னீர்களா?