பிளாஸ்டிக் கூரையில் பிடித்த பச்சைப் பாசியை எப்படி எடுப்பது?

பொள்ளாச்சி வீட்டில் கார் நிறுத்துமிடத்து பாலிகார்பனேட் ஷீட் பச்சை பிடித்துவிட்டது, ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டாமுங்க. கம்பி நாரும் கூடாது. வெயிலைத் தாங்கும் மேல்பூச்சு கீறிப்போனால் ஷீட் சீக்கிரம் மஞ்சளாகும், கீறலுக்குள் பாசி இன்னும் கெட்டியாக ஒட்டும்.

காலையில் ஷீட் சூடேறும் முன் தண்ணீர் அடித்து ஊறவிடுங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, நீளக் கம்பில் கட்டிய மெத்தென்ற துணியால் தேய்த்தாலே பெரும்பாலும் வந்துவிடும். விடாத இடத்துக்கு மட்டும் வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

ஷீட் மேல் ஏற வேண்டாம், உடையும். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை அன்றைக்குக் கழற்றி விடுங்க. பொள்ளாச்சியோ பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை நுழையும் ஊர். அதோடு மேலே தென்னை நிழலும் கவிந்திருந்தால் பாசி திரும்ப வரத்தான் செய்யும்.