வயசானால் தினமும் லட்சம் மூளை செல்கள் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

லட்சம் என்பது பெரிய பொய் இல்லைங்க. அதைக் கேட்டுப் பயப்படுவதுதான் வீண்.

1997இல் டென்மார்க்கில் பாக்கென்பெர்க், குண்டர்சன் என்ற இருவர், இறந்துபோன 94 பேரின் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கு) நரம்பு செல்கள் எத்தனை என்று கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பெண்களுக்குச் சராசரி 1900 கோடி, ஆண்களுக்கு 2300 கோடி. (ஆம்பளைங்க மீசையை முறுக்க வேண்டாம், எண்ணிக்கை கூடினால் புத்தி கூடும் என்றில்லை.) 20 வயதிலிருந்து 90 வயதுக்குள் குறைவது 10 சதவீதம் அளவுக்குத்தான். நாள் கணக்காக வகுத்தால் சுமார் 85,000 வரும். அப்படிப் போயும் 90 வயதில் பத்தில் ஒன்பது பங்கு மிச்சம்.

1950களில் எண்ணியவர்கள் இழப்பு இதைவிட ரொம்ப அதிகம் என்றார்கள். பதப்படுத்தும்போது இளவயதுக்காரர் மூளை கூடுதலாகச் சுருங்கும். அதனால் செல்கள் நெருக்கமாகத் தெரியும். அதோடு ஒப்பிட்டதில் முதியவர் மூளை காலியானதுபோலத் தோன்றிவிட்டது.

அப்படியானால் எங்க அப்புச்சிக்கு மட்டும் ஏன் பேரன் பேர் சட்டென்று வருவதில்லை? கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அந்தக் காலத்தில் வாங்கிய காளையின் விலை வரைக்கும் சொல்வார். என்னைப் பார்த்தால் மாமன் பேரைச் சொல்லிவிட்டு, "நாக்கு நுனியிலயே நிக்குது சாமி" என்பார். செல் அங்கேயேதான் இருக்கிறது, அதன் கிளைகளும் இணைப்புகளும் குறைகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் வறட்சியில் தென்னந்தோப்பைப் பாருங்கள், மரத்தை எண்ணினால் கணக்கு சரியாக இருக்கும், மட்டைதான் கழிந்திருக்கும். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையும் தேய்வதால் தகவல் மெதுவாகப் போகிறது.

எல்லா இடத்திலும் இதே கதை இல்லை. நடுமூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் வயதோடு குறையத்தான் செய்கின்றன. அளவுக்கு மீறிப் போனால் கை கால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில், சாதாரண முதுமையில் பெரிதாக இழப்பு தெரியாத ஒரு பகுதி அல்சைமர் என்ற மறதி நோயில் கடுமையாக அழிகிறது.

அதனால்தான் நம்ம பக்கம் எதற்கெடுத்தாலும் "வயசாச்சுங்க, அப்படித்தான்" என்பது எனக்கு ஒத்துவரவில்லை. பேர் மறந்து அப்புறம் வந்தால் சரி. சொந்தத் தோட்டத்துக்கு வழி தெரியாமல் நின்றால், சமையல் செய்துகொண்டிருந்த அமுச்சி அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் விழித்தால், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் குறை என்றால் மருந்திலேயே தேறிவர வாய்ப்புண்டு.