என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) படிப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, தேனி): காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது; அசைன்மென்ட்டைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

பதில்: குறை உங்கள் அறிவில் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு படியையும் தாமே போட்டுக் காட்டும்போது அதைத் தொடர்ந்து செல்ல முடிவதையே கற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களையும், வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-இல் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. வகுப்பில் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பதும், கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்வதும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. திரைக்கு முன்னால் அதைச் செய்விக்க ஆளில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காணொளியை நிறுத்தி, கேட்டதைத் தாளில் எழுதிப் பாருங்கள். டெலிகிராம் குழுக்களில் வரும் அசைன்மென்ட் விடைகளைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரட்டை வேகத்தில் பார்க்கலாமா?

பதில்: ஏற்கெனவே படித்த பாடத்தைத் திருப்பிப் பார்க்கும்போது மட்டும்.

கேள்வி (ஒரு தந்தை, சேலம்): இந்த இணையப் பாடங்களைப் பாதியில் விடுவது சோம்பேறித்தனம் அல்லாமல் வேறென்ன?

பதில்: இதை நான் ஏற்கமாட்டேன். கல்லூரியில் மணி அடிக்கிறது, வருகைப் பதிவு இருக்கிறது, தவறாக எழுதினால் பக்கத்தில் இருப்பவர் சுட்டிக்காட்டுகிறார். வீட்டில் இவை அத்தனையையும், பள்ளியில் யாரும் கற்றுத்தராத நிலையில், மாணவர் தாமே தமக்குச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி (அதே தந்தை): நாங்கள் அஞ்சல் வழியில் படித்துத் தேறவில்லையா?

பதில்: தேறினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அஞ்சல் வழியிலும் நேரடித் தொடர்பு வகுப்புகள் இருந்தன. கையிலிருந்த புத்தகத்துக்குள் வாட்ஸ்அப் செய்தி வந்து விழவில்லை. அன்றும் பாதியில் விட்டவர்கள் உண்டு. தேறியவர்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கேள்வி (முதலாண்டு, தமிழ்வழியில் படித்தவர்): ஆங்கில விரிவுரையைத் தொடர முடியவில்லை.

பதில்: மொழியையும் பாடத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிறீர்கள். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துவடிவம் என்பிடெல் தளத்திலேயே கிடைக்கிறது. முதலில் அதை வாசித்துவிட்டுக் காணொளிக்குச் செல்லுங்கள்.

கேள்வி: காணொளி புரிகிறது, அசைன்மென்ட் வரவில்லை.

பதில்: முதல் பதிலை முழுமையாகப் படியுங்கள்.

கேள்வி: அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 தனித்தனியாக வேண்டும். தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும் என்பதால், மீண்டும் சொல்கிறேன், டெலிகிராம் விடைகள் அங்கே உதவா.

கேள்வி: ஹால் டிக்கெட் வரவில்லை.

பதில்: உங்கள் கல்லூரியின் என்பிடெல் ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள்.