பழ ஈ ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்பும் மகளின் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உயிரியல் பட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் தங்கள் மகள், பழ ஈக்களைக் கொண்டு மூளை நோய்களை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர விரும்புவதாகவும், "ஈ வளர்க்கவா இத்தனை படிப்பு?" என்ற கேள்வி வீட்டில் எழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் முன் அந்தக் கேள்விக்கே விடை சொல்லிவிடுவது நல்லது.

மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக அறியப்பட்ட மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இணையானவை பழ ஈயிடமும் உள்ளன. முட்டை முழு ஈயாவதற்குப் பத்து நாட்களே ஆகும். அதன் ஆயுளோ இரண்டு மூன்று மாதங்கள்தான். அல்சைமர், பார்க்கின்சன் போன்றவை பெரும்பாலும் முதுமையில் தலைகாட்டும் நோய்கள் என்பதால், மனிதரிடம் பல பத்தாண்டுகள் காத்திருந்து காண வேண்டியதை ஈயிடம் சில வாரங்களில் கண்டுவிட முடிகிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரளும் ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற மனிதப் புரதத்தை, மெல் ஃபீனி, வெல்கம் பெண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஈயின் நரம்புச் செல்களில் உருவாகச் செய்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈக்களுக்கு வயது ஏற ஏற, உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்தன. ஏறும் திறனும் குன்றியது. அந்தத் திறனை அளக்கும் முறை மிக எளிது: குப்பியை மேசையில் தட்டினால் ஈக்கள் அடியில் விழும், நலமானவை உடனே கண்ணாடியைப் பற்றி மேலே ஏறிவிடும், நோயுற்றவை கீழேயே தடுமாறும். இளவயதிலேயே பார்க்கின்சனை உண்டாக்கக்கூடிய பிங்க்1, பார்க்கின் ஆகிய இரு மரபணுக்களும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பேணும் ஒரே பாதையில் செயல்படுகின்றன என்பதை 2006-இல் காட்டியவையும் பழ ஈ ஆய்வுகளே.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஈயிடம் பலித்த மருந்து மனிதரிடமும் பலிக்கும் என்ற உறுதி கிடையாது. ஆல்ஃபா-சைனுக்ளின் மரபணு ஈக்கு இயல்பாக இல்லவே இல்லை. ஆகவே அங்கே கிடைக்கும் தடயத்தை எலியிலும் மனிதச் செல்களிலும் மீண்டும் சோதித்தாக வேண்டும்.

தங்கள் மகளுக்கு இத்துறை ஒத்துவருமா என்பதை முடிவு செய்யப்போவது அன்றாட வேலைதான் என்பது என் கருத்து. கரியமில வாயுவால் மயக்கிய ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் ஆண், பெண் எனப் பிரிக்க வேண்டும்; இனக்கலப்புக்கான பெண் ஈக்களை அவை கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள், ஆணோடு சேருமுன் எடுத்துவிட வேண்டும்; உணவுக் குப்பிகளைத் தவறாமல் மாற்ற வேண்டும். (விடுமுறை நாள் என்பதெல்லாம் ஈக்களுக்குத் தெரியாது.) இந்தப் பொறுமை இல்லாதவருக்கு, எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும் இப்பணி சலித்துவிடும். நோயாளிகளை நேரில் கண்டு சிகிச்சை தருவதில்தான் தங்கள் மகளுக்கு நாட்டம் என்றால், மருத்துவமே உரிய வழி.

வருமானத்தைப் பொறுத்தவரை, முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும்; பேராசிரியர் பதவியை நாடுவோர் அதன் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வாளராகப் பணிபுரிய நேரிடும், அந்தப் பதவிகளும் குறைவே. அதை மட்டுமே நம்பிச் சேர வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஆனால் மரபணுத் தொழில்நுட்பம், நுண்ணோக்கிப் படங்களைப் பகுப்பாய்தல், புள்ளியியல், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்று வெளிவருபவருக்கு மருந்து நிறுவனங்கள், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவத் தரவு ஆய்வு, காப்புரிமை, அறிவியல் இதழ்ப் பணி எனப் பல கதவுகள் உண்டு. ஈயோடு நின்றுவிடும் திறன்கள் அல்ல அவை. எனவே முதல் ஆண்டிலிருந்தே புள்ளியியலையும் நிரலாக்கத்தையும் அவர் பழகிக்கொள்ளட்டும்.

சேருவதற்கு முன் அத்தகைய ஆய்வகம் ஒன்றில் இரண்டு மூன்று மாதங்கள் பயிற்சி மாணவியாக இருந்து பார்க்கச் சொல்லுங்கள். வழிகாட்டியாக வரவிருப்பவரிடம், அவரிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள், பட்டம் முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின, உதவித்தொகை எந்த ஆண்டுவரை உறுதி ஆகிய மூன்றையும் தங்கள் மகள் தயங்காமல் கேட்கட்டும். அதே கேள்விகளை அங்குள்ள மூத்த மாணவர்களிடம் தனியாகவும் கேட்டு, இரு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு விண்ணப்பிக்கலாம்.