ஆமதோரின் வயலின்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரு நாட்டுக் கடற்கரையின் கறுப்பின மக்கள் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஆமதோர் பாயும்ப்ரோசியோவின் காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். ஆப்பிரிக்க முழவு எதுவும் இல்லை. பெரியவர் வயலின் வாசிக்கிறார். மெட்டோ ஆண்டீஸ் மலைநாட்டு மெட்டு. இரண்டும் கலந்து நீர்த்துப்போன ஒன்றை மரபிசை என்று எப்படிக் கொண்டாடுவது?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

முழவு காலில் இருக்கிறது. அதே காணொளியைத் திரும்பப் போட்டு, படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். வயலின் ஒரு சின்ன மெட்டை விடாமல் சுற்றிச்சுற்றி இழுக்கும். அதன் அடியில் பாதமும் குதிகாலும் மாறிமாறித் தரையில் விழும். சப்பாத்தேயோ என்பது இதுதான். ஆட்டக்காரர்கள் கையில் ஆளுக்கொரு சிறுமணி. ஒருவர் வரிசையை விட்டு வயலின்காரர் முன் வந்து ஆடும்போது, வில்லை இவர் துரத்துகிறாரா, வில் இவரைத் துரத்துகிறதா என்று சொல்வது கடினம்.

ஆமதோர் 1933இல் பிறந்து 2009இல் மறைந்தவர். ஊர், லிமாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் சின்ச்சாவை அடுத்த எல் கார்மென். நீங்கள் பார்த்தது ‘அத்தாஹோ தெ நெக்ரித்தோஸ்’ என்ற கிறிஸ்துமஸ் கால ஆட்டம். மார்பின் குறுக்கே கண்ணாடிச் சில்லும் மணியும் தைத்த பட்டைகளோடு, குழந்தை இயேசுவைப் பாடியபடி இரவெல்லாம் வீடு வீடாகப் போவார்கள். ஒரு குழுவில் ஐம்பது பேர்வரை இருப்பதுண்டு. காலடிகளைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். பெண்கள் ஆடும் பயித்தாஸையும் சேர்த்து 2019இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் ஏற்றியது. ஆமதோர் ஆட்டத்தை நடத்தியவர், வயலினும் வாசித்தவர். அவருடைய பிள்ளைகள் வீட்டிலேயே இதைக் கற்றார்கள். லிமாவின் ராக் இசைக்கலைஞர் மிக்கி கொன்சாலெஸ் அந்த வீட்டுக்குப் போய்ப் பழகி, பிள்ளைகளைத் தன் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்.

இனி உங்கள் ‘நீர்த்துப்போன’ என்ற சொல். அது எனக்கு எரிச்சலூட்டுகிறது, மன்னியுங்கள். சின்ச்சா பண்ணை நிலம். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து கரும்பிலும் பருத்தியிலும் வேலை வாங்கினார்கள். 1854இல் அடிமைமுறை ஒழிந்தது. மலையிலிருந்தும் கூலிவேலைக்கு மக்கள் இறங்கி வந்தார்கள். ஒரே வயல், ஒரே தேவாலயத் திருவிழா. ஸ்பானியர் கொண்டுவந்த வயலினை மலைநாட்டார் எப்போதோ தமதாக்கிக்கொண்டிருந்தார்கள்; அயகுச்சோ, உவான்காவெலிகா மலைப்பகுதிகளில் கையில் கத்தரித் தகடுகளைத் தட்டியபடி ஆடும் கத்தரி ஆட்டத்துக்கு இன்றும் வயலினும் யாழும்தான் பக்கவாத்தியம். ஆமதோரின் வாசிப்பிலிருந்து யாரை வெளியேற்றினால் அது சுத்தமாகும்?

கஹோன் என்ற பெட்டி முழவு பெருவின் கறுப்பின மக்களுடையது. 1970களின் இறுதியில் ஸ்பானிய கித்தார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். இன்று அந்நாட்டு மரபிசையான ஃபிளமெங்கோ மேடையில் அது இல்லாத நாள் குறைவு. ஃபிளமெங்கோ நீர்த்துவிட்டது என்று யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. கறுப்பினப் பெரியவர் கையில் மலைநாட்டு மெட்டு இருந்தால் மட்டும் கணக்குக் கேட்கிறோம். போன்ச்சோ என்ற மேற்போர்வை போர்த்திய புல்லாங்குழல் குழுதான் ஆண்டீஸ் என்று நினைப்பதும் இதே வகை. அந்தப் பிம்பத்தை உலகுக்குப் பரப்பியதில் 1950, 60களின் பாரிஸ் மேடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

உங்கள் சந்தேகத்துக்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து கறுப்பினக் கவிஞர் நிக்கோமெதெஸ் சாந்தா குரூஸும் அவர் அக்கா விக்தோரியாவும் லிமாவில் கறுப்பினக் கலையை மேடையேற்றினார்கள். மறைந்துபோன லாந்தோ போன்ற ஆட்டங்களை எஞ்சிய நினைவுகளிலிருந்து திரும்பக் கட்டியெழுப்பினார்கள். அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு அவர்களுடைய கற்பனை என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அது நியாயமான வாதம். எல் கார்மெனின் ஆட்டத்துக்கு மேடை தேவைப்படவில்லை. மேடைக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு முன்பே அது தெருவில் நடந்துகொண்டிருந்தது.

முதலில் கத்தரி ஆட்டத்து வயலினைக் கேளுங்கள், பிறகு ஆமதோரை. மெட்டில் உறவு தெரியும். தாளத்தில் இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பதும் தெரியும். அப்போதும் நீர்த்ததாகவே பட்டால் எழுதுங்கள், சண்டை போடலாம்.