கார்ன்வாலில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கவுண்டி கார்ன்வால். அங்கே காரில் சுற்றப் போகிற பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பிளிமத்தில் குடியிருப்பதால் அந்தச் சாலைகள் எனக்கு நல்ல பழக்கம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மீனா, சென்னை: அக்கா, நம்ம ஊர் லைசன்ஸ் போதுமா? எந்த மாதிரி கார் எடுக்கலாம்?

போதும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்திய லைசன்ஸிலேயே 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனால் வாடகைக்குக் கார் தருகிறவர்கள் இன்டர்நேஷனல் பர்மிட்டும் கேட்கக்கூடும். அவர்களுடைய நிபந்தனையை முன்பே படித்துவிடுங்கள். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு இருப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, சின்ன கார் எடுங்கள். கவுன்டரில் "கொஞ்சம் கூடக் கொடுத்தால் பெரிய வண்டி தருகிறோம்" என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலு பேர், நாலு பெட்டி என்றால்கூட பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்களே தவிர, வண்டியைப் பெரிதாக்காதீர்கள். ஏன் என்பது சுபாவுக்கான பதிலில் வரும்.

கார்த்திக், கோவை: லண்டனிலிருந்து கிளம்பி டின்டாஜல், ஈடன் ப்ராஜெக்ட், செயின்ட் ஐவ்ஸ், லேண்ட்ஸ் எண்ட், லிசர்ட் எல்லாம் மூன்று நாளில் முடியுமா?

முடியாது தம்பி. லண்டனிலிருந்து கார்ன்வால் நடுவில் இருக்கும் ட்ரூரோ நகருக்கு வழியில் எங்கும் தேங்காமல் வந்தாலே ஐந்து மணி நேரம் ஆகும். கோடையில் சனிக்கிழமை என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் வாராந்திர வாடகை வீடுகள் பலவற்றில் அன்றுதான் ஆள் மாறுவார்கள். எக்ஸிடரில் மோட்டார்வே முடிந்த பிறகு பெரும்பாலானவர்கள் வருவது ஏ30 நெடுஞ்சாலையில்தான்.

மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் மேற்கு முனையை மட்டும் பாருங்கள். பென்ஸான்ஸ் பக்கம் தங்கினால் செயின்ட் ஐவ்ஸ், லேண்ட்ஸ் எண்ட், போர்த்கர்னோ எல்லாம் சின்னத் தூரம். லிசர்ட் கொஞ்சம் தள்ளி. டின்டாஜலும் ஈடனும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். கார்ன்வாலில் நாளைத் தின்பது தூரம் இல்லை, சாலையின் அகலம்தான். தினமும் ஊர் மாற்றிக்கொண்டிருந்தால் ஸ்டியரிங்கைத்தான் பார்த்திருப்பீர்கள், கடலை அல்ல.

சுபா, சிங்கப்பூர்: ஒரு வண்டி மட்டும் போகும் சந்துகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது?

பயப்படத் தேவையில்லை, ஆனால் முறை தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சந்துகளின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புல்லும் ஃபெர்ன் செடிகளும் மூடியிருக்கும். பார்த்தால் வெறும் செடி வேலி போல இருக்கும். உள்ளே இருப்பது கருங்கல்: இரண்டு பக்கமும் கல் அடுக்கி நடுவில் மண் நிரப்பிய சுவர். செடிதானே என்று ஒதுங்கினால் கண்ணாடி போகும், கதவு முழுக்கக் கோடு விழும்.

அங்கங்கே ஒரு வண்டி ஒதுங்குகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். ஒன்றைக் கடக்கும்போதே அது எங்கே இருந்தது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் யாருக்கு அந்த இடம் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். இடம் உங்கள் இடதுபக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலதுபக்கம் இருந்தால் உள்ளே போகாதீர்கள், அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிரே வருகிறவர் அதற்குள் நுழைந்து போய்விடுவார். மேடு ஏறி வரும் வண்டிக்கு முடிந்தவரை வழி விடுங்கள். போகும்போது கையைத் தூக்கி நன்றி சொல்லாமல் யாரும் போகமாட்டார்கள், நீங்களும் தூக்குங்கள்.

வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால், நடுவில் தடுப்பு வைத்துப் பிரிக்காத சாலையில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம். அந்தச் சந்தில் 20 மைலே அதிகம். கிளம்பும் முன் ஒரு காலி இடத்தில் ரிவர்ஸ் பழகிக்கொள்ளுங்கள். பெரிய வண்டி வேண்டாம் என்றது இதனால்தான்.

ராஜேஷ், டொரண்டோ: செயின்ட் ஐவ்ஸில் பார்க்கிங் கிடைக்குமா?

ஊருக்குள் காரையே கொண்டுபோகாதீர்கள். செயின்ட் எர்த் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுங்கள். கால் மணி நேரப் பயணம்தான், கடலை ஒட்டியே போகும். போல்பெரோ என்ற கடலோரக் கிராமத்திலும் காரை மேலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும்.

மீனாட்சிசுந்தரம், மதுரை: ஒரே ஒரு சாலையில்தான் ஓட்ட நேரம் இருக்கிறது என்றால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம் ஐயா, செயின்ட் ஐவ்ஸிலிருந்து செயின்ட் ஜஸ்ட் போகும் பி3306. ஒரு பக்கம் கரடான மேட்டு நிலம், மறுபக்கம் கல் வரப்பு கட்டிய சின்னச் சின்ன வயல்கள், அதைத் தாண்டி அட்லாண்டிக். வளைவுகளில் வேகம் வேண்டாம், பசுக்கள் சாலையைக் கடக்கும்.

பென்டீன் பக்கம் வந்ததும் கட்டாயம் இறங்குங்கள். ஜீவர் தகரச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஹெல்மெட் கொடுத்துப் பழைய சுரங்கத்துக்குள் அழைத்துப் போவார்கள், குனிந்துதான் நடக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி போட்டலக்கில் பாறை விளிம்பில் இரண்டு கல் எஞ்சின் வீடுகள், அதாவது சுரங்கத்துக்கான நீராவி எஞ்சின்களை வைத்திருந்த கட்டடங்கள், நிற்கின்றன. அங்கே சுரங்கம் கடலுக்கு அடியிலும் போனது. இந்தச் சுரங்க நிலப்பகுதி 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கார்ன்வாலில் தொழில் நசிந்தபோது சுரங்கக்காரர்கள் உலகமெங்கும் போனார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் கோலார் தங்க வயல். அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்த எஞ்சின் வீட்டுப் பக்கத்தில் நிற்கும்போது எனக்குக் கோலார் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

நேரம் மிச்சமிருந்தால் போர்த்கர்னோவுக்கும் போங்கள். 1870இல் இந்தியாவோடு பேசிய தந்திக் கம்பி கரையேறியது அந்தக் கடற்கரையில்தான். மேலே பாறையைச் செதுக்கிக் கட்டிய மினாக் திறந்தவெளி அரங்கு இருக்கிறது.

ஃபாத்திமா, கொழும்பு: பிள்ளைகளோடு வருகிறோம், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எந்த மாதம் நல்லது?

மே கடைசி வாரம் பள்ளி விடுமுறை, அதைத் தவிர்த்து மே, ஜூன். அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குத் தனி சீட் கட்டாயம், காரோடு சேர்த்தே கேளுங்கள். இங்கே பேர்போன பாஸ்டியில் (உள்ளே பூரணம் வைத்து மடித்துச் சுட்ட பண்டம்) மாட்டிறைச்சி இருக்கும். சீஸும் வெங்காயமும் வைத்தது பெரும்பாலான கடைகளில் கிடைக்கும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கார்த்திக், கோவை (மறுபடியும்): சரி அக்கா, மேற்கு முனை மட்டும்தான். செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டுக்கு நடந்தே போகலாமா?

போகலாம், ஆனால் அது கரையை ஒட்டிய சின்னத் தீவு, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் நடக்க முடியும். மராசியனில் காரை நிறுத்திவிட்டுக் கல் பாவிய பாதையில் நடக்க வேண்டும். அன்றைய நேரத்தை முதல் நாளே பார்த்து, அதற்கேற்ப மற்றதைத் திட்டமிடுங்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டால் ஓடிக் கடக்கப் பார்க்காதீர்கள். சீசனில், காற்று மோசமாக இல்லாத நாளில் படகு இருக்கும், கட்டணம் கொடுத்து வந்துவிடலாம்.